சவுக்காரத் தட்டுப்பாடு, மலாக்கா (1942–1945)

ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் மலாக்கா நகரத்திலும் அதைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களிலும் குளியல் சவுக்காரமும் துணிச் சவுக்காரமும் கிடைக்காமல் போனதையும், அதற்கு ஈடாக மக்கள் தாங்களே காய்ச்சிய சவுக்காரத்தையும், அக்காலத் துப்புரவு நிலையையும் இக்கட்டுரை கூறும். மலேசியத் தமிழர் ‘ஜப்பான்காரன் காலம்’ என்று சொல்லும் அந்த மூன்றரை ஆண்டுகளின் அரிசிப் பஞ்சமும் துணிப் பஞ்சமும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. சவுக்காரம் மட்டும் பட்டியலின் கடைசியில் ஒரு சொல்லாக வந்து போகிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்த மக்களைப் பிடித்த நோய்களைப் பார்த்தால் அது முன்வரிசையில் நிற்க வேண்டிய பொருள்.

மதில் இல்லாத முற்றுகை

மலாக்கா முற்றுகையை முன்பே அறிந்த ஊர். 1640-இல் டச்சுக்காரர்களும் ஜொகூர்ப் படையும் போர்த்துக்கீசியர் வசமிருந்த கோட்டையை வளைத்தனர். 1641 ஜனவரி 14-இல் நகரம் விழும்வரை மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும் பீரங்கியைவிட நோயும் பசியும்தான் அதிகம் பேரைக் கொண்டுபோயின.

1942 ஜனவரி நடுவில் ஜப்பானியர் வந்தபோது நகரத்துக்குள் பெரிய சண்டை நடக்கவில்லை. முற்றுகை அதற்குப் பிறகு கடல் வழியாக வந்தது. ரப்பரையும் ஈயத்தையும் விற்று, உண்ணும் அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்து வாங்கிய நாடு மலாயா. சவுக்காரத்துக்கு வேண்டிய காஸ்டிக் சோடாவும் கப்பலில்தான் வந்தது. ஐரோப்பா, அமெரிக்கச் சந்தைகள் அடைபட்டன. நேசநாட்டு நீர்மூழ்கிகள் ஜப்பானியச் சரக்குக் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கியபின் எஞ்சிய வரவும் சுருங்கியது. எண்ணெய் தரும் தென்னை கண்ணெதிரே நின்றது. அதைச் சவுக்காரமாக்கும் காரம்தான் இல்லை.

இதே வேளையில் பிரிட்டனுக்கு நேர்மாறான இடர். அங்கே காரம் இருந்தது, எண்ணெய் குறைந்தது. கொழுப்பை உணவுக்கு மிச்சம் பிடிக்க 1942 பிப்ரவரி 9 முதல் அங்கே சவுக்காரத்துக்குப் பங்கீடு வந்தது. சிங்கப்பூர் விழுந்தது அதற்கு ஆறு நாள் கழித்து.

லயத்து அடுப்பில் சவுக்காரம்

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் மலாக்காவில்தான் எழுந்தது. 1896-இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கிப் பிறகு புக்கிட் அசகானுக்கு விரித்தார். பால்வெட்டுத் தொழிலில் சவுக்காரம் அன்றாடத் தேவை. ரப்பர்ப் பால் துணியில் சொட்டிக் காய்ந்தால் பிசினாக ஒட்டிக்கொள்ளும்; அதன் வாடை வெறும் தண்ணீருக்குப் போகாது. போருக்குமுன் கடையில் வாங்கிய கட்டியால் குழாயடியில் துவைத்தவர்கள், 1942-க்குப் பின் சாம்பலுக்குத் திரும்பினார்கள்.

கொழுப்பும் காரமும் சேர்ந்தால் சவுக்காரமும் கிளிசரினும் உண்டாகும். காஸ்டிக் சோடா இல்லாத இடத்தில் காரத்தைச் சாம்பலிலிருந்து எடுக்க வேண்டும். தேங்காய் மட்டை, வாழைச் சருகு போன்றவற்றின் சாம்பலில் பொட்டாசியம் மிகுதி. அடியில் துளையிட்ட பாத்திரத்தில் தேங்காய் நாரைப் பரப்பி, அதன்மேல் சாம்பலை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால், தேயிலைச் சாய நிறத்தில் காரநீர் சொட்டும். சுண்ணாம்பு சேர்த்தால் அதன் காரம் கூடும். அதைக் காய்ச்சிச் சுண்டவைத்து, எண்ணெயில் சிறிது சிறிதாக விட்டுக் கிளற வேண்டும்.

கைப்பக்குவம் முழுதும் அளவில் இருக்கிறது. காஸ்டிக் சோடாக் கணக்கில் சொன்னால், ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு ஏறத்தாழ 180 கிராம் வேண்டும். செம்பனை எண்ணெய்க்கு 140 கிராம் போதும். சாம்பல் நீரின் காரம் எவ்வளவு என்று அளக்கத் தராசு உதவாது. குறைந்தால் பிசுபிசுக்கும், கூடினால் தோலை அரிக்கும். சாம்பல் காரத்தில் காய்ச்சியது பொட்டாஷ் சவுக்காரமாதலால் கட்டியாக இறுகாது, களியாகவே நிற்கும். கெட்டிப்படுத்த உப்பிட வேண்டும். கடற்கரைக் கம்பங்களில் (சிற்றூர்களில்) கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். உள்ளே தள்ளியிருந்த தோட்டங்களில் உப்பே சோற்றுக்குப் போதாத பண்டம்.

எண்ணெய்க்கும் போட்டி இருந்தது. மண்ணெண்ணெய் வரத்து நின்றதால் விளக்குக்கும் தேங்காயெண்ணெய்தான். அதே எண்ணெய்தான் மரவள்ளிக்கிழங்கு வேகும் அடுப்படிக்கும், தலைக்கும், புண்ணுக்கும். ஒரு போத்தல் எண்ணெயில் எவ்வளவு விளக்குக்கு, எவ்வளவு சவுக்காரத்துக்கு என்று நாள்தோறும் கணக்குப் போட்டவர்கள் பெண்கள். தோட்டத்துப் பொருளாதாரத்தை எழுதுவோர் பால் அளவையும் சம்பளத்தையும் எண்ணுகிறார்கள். இந்தக் கணக்கும் அதில் சேர வேண்டியதே.

சீயக்காய் இந்தியாவிலிருந்து வந்த பண்டம். கப்பல் நின்றதும் அதுவும் நின்றது. தலைக்குச் செம்பருத்தி இலையும், மலாய்க்காரர் தலைகுளிக்கப் பயன்படுத்தும் லிமாவ் பூருட் எலுமிச்சையும் உதவின. பாத்திரத்துக்குச் சாம்பல், பல்லுக்கு அடுப்புக்கரி.

நோய்

சொறி சிரங்கு, ஆறாப்புண், மலேரியா மூன்றும் தோட்டங்களில் பரவின. சிரங்கு தோலுக்குள் துளைக்கும் நுண்பூச்சியால் வருவது. சவுக்காரம் தனியாக அதைத் தீர்க்காது. உடுத்ததையும் போர்த்தியதையும் கொதிநீரில் போட வேண்டும். சாக்குத் துணியை உடுத்திய காலத்தில், மாற்றுத்துணி இல்லாதவர் எதைக் கழற்றி வேகவைப்பார்? சொறிந்த இடம் கழுவப்படாமல் சீழ் பிடித்தது. கொசு ஒழிப்புக்காக ஓடைகளில் எண்ணெய் தெளிக்கும் வேலை நின்றது. மலேரியா மருந்தான ஜாவாவின் கொய்னா ஜப்பானியர் கைக்குப் போனது. பட்டினி உடலின் எதிர்ப்பை முன்பே தின்றிருந்தது.

தோட்டத் தமிழர் அழுக்கானவர்கள் என்ற பேச்சு காலனிய நாள்களிலிருந்தே உண்டு. இந்த ஆண்டுகளின் நோய்க்கு அதைக் காரணம் காட்டுவது அநியாயம். குழாயும் மருந்தும் கப்பலும் நின்றபின் சாம்பலை வடித்துத் துவைத்த மக்கள் அவர்கள்.

துப்புரவுக்கு வழியில்லாமையின் கொடிய முகம் ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா ரயில்பாதையில் தெரிந்தது. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர்ப் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டனர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பாய்ந்தது. அங்கே வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகளிடையே படை மருத்துவர்கள் இருந்தனர். தண்ணீரைக் கொதிக்கவைக்கவும், உண்கலத்தைக் கொதிநீரில் முக்கவும், கழிவுக்குழி தோண்டவும் கட்டளையிட முடிந்தது. தமிழர் முகாம்களில் அந்த ஒழுங்கைக் கட்டுபவர் இல்லை. சாவு அங்கே பன்மடங்கு. சவுக்காரத்துக்கு முன்னால் விறகும் வெந்நீரும் அவற்றுக்கான ஓய்வும் வேண்டும் என்பதை அந்தச் சாவுகள் காட்டுகின்றன.

யாழ்ப்பாணம்: ஓர் ஒப்பீடு

அரை நூற்றாண்டு கழித்து வேறொரு தமிழ் நிலத்தில் இதே நிலை வந்தது. 1990-இல் இலங்கையில் மீண்டும் உள்நாட்டுப் போர் மூண்டபின் யாழ்ப்பாணத்தின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் சவர்க்காரமும் அருமையாயிற்று. அங்கே மக்கள் பனம்பழக் களியால் துணி வெளுத்தார்கள். அது முன்னோர் அறிந்திருந்த முறை. மலாக்காவுக்குத் தென்னையும் வாழையும் செய்ததை யாழ்ப்பாணத்துக்குப் பனை செய்தது.

பின்னர்

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. கையிலிருந்த, ஜப்பானியர் வெளியிட்ட ‘வாழைமர’ நோட்டுகள் வெறும் தாளாயின. கப்பல்கள் வரத் தொடங்கியதும் சவுக்காரம் கடைகளுக்குத் திரும்பியது. பிரிட்டனில் பங்கீடு 1950 வரை நீடித்தது. பின்வந்த பல பத்தாண்டுகளில் மலாக்காவின் ரப்பர்க் காடுகள் பலவும் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. ஒரு கட்டிச் சவுக்காரத்துக்காகச் சாம்பல் வடித்த அந்த மண்ணிலிருந்து, உலகச் சவுக்காரத் தொழிற்சாலைகளுக்கு இன்று எண்ணெய் போகிறது.