நாய் திடீர்னு மயங்கி விழுந்து எழுந்திருச்சா? அலட்சியம் வேண்டாம்... இதயக் கட்டியாகவும் இருக்கலாம்!

நல்லா ஓடியாடிக்கிட்டிருந்த நாய் திடீரென கால் மடங்கி விழுகிறது. ஈறு வெளுத்துப் போகிறது. கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்து நடக்கிறது. 'வெயில் மயக்கமா இருக்கும்' என்று பலரும் விட்டுவிடுகிறோம். ஆனால் 6, 7 வயதைத் தாண்டிய நாய்க்கு இப்படி நடந்தால், உள்ளுக்குள் ரத்தம் கசிவதாகவும் இருக்கலாம்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை பக்கம் இருப்பவர்கள், கச்சிராயபாளையம் வழியாக கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வர வேண்டும். 'இன்னொரு தடவை விழுந்தா பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடத் தோன்றும். ஆனால் முதல் தடவையே கிளம்புவதுதான் நல்லது. ஏன்?

நாய்க்கு இதயத்தில் கட்டி வருமா?

வரும், ஆனால் அரிது. 1982 முதல் 1995 வரையிலான 7 லட்சத்துக்கும் அதிகமான நாய்களின் மருத்துவமனைப் பதிவுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் அலசினார்கள். அதில் இதயக் கட்டி இருந்தவை 0.19 சதவிகிதம். அதாவது, ஆயிரத்துக்கு சுமார் 2 நாய்கள்.

இவற்றில் அதிகம் காணப்படுவது 'ஹெமாஞ்சியோசர்கோமா'. ரத்தக் குழாயின் உட்சுவரில் உருவாகும் புற்றுநோய் இது. மண்ணீரல், இதயத்தின் வலது மேல் அறை, கல்லீரல், தோல் ஆகிய இடங்களில் வரும். ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், லாப்ரடார் போன்ற பெரிய இனங்களில் அதிகம். நாட்டு நாய்க்கு வராது என்று சொல்ல முடியாது.

ஏன் மயங்கி விழுகிறது?

இதயத்தைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. கட்டியிலிருந்து கசியும் ரத்தம் அதற்குள் தேங்கினால், இதயம் நெருக்கப்பட்டு விரிய முடியாமல் போகிறது. உடலுக்குப் போகும் ரத்தம் குறைய, நாய் சுருண்டு விழுகிறது. மண்ணீரல் கட்டி வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள் கசியும். கசிவு சின்னதாக இருந்தால் நாய் தேறிவிடும். அடுத்த கசிவு பெரிதாக இருந்தால் உயிர் போய்விடும்.

சிகிச்சை இருக்கா?

எக்ஸ்ரேயில் இதயம் பந்து போல வீங்கித் தெரியலாம். எக்கோ ஸ்கேனில்தான் கட்டியும் தேங்கிய ரத்தமும் தெளிவாகத் தெரியும். ஊசி மூலம் ரத்தத்தை வெளியே எடுத்தால் நாய்க்கு உடனே மூச்சு சீராகும். ஆனால் அது தற்காலிக நிவாரணம்தான். இதயத்தில் ஹெமாஞ்சியோசர்கோமா என்றால், கீமோ கொடுத்தாலும் பெரும்பாலும் சில மாதங்களே கிடைக்கும்.

எல்லா இதயக் கட்டியும் அப்படி இல்லை. பாக்ஸர், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களில் அதிகம் வரும் 'கீமோடெக்டோமா' மெதுவாக வளரும். இதய உறையை அறுவை சிகிச்சையில் அகற்றிய நாய்கள் 2 ஆண்டுகள் வரைகூட வாழ்ந்திருக்கின்றன. அதனால்தான் என்ன கட்டி என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

தோலுக்கு அடியில் உருண்டை இருந்தால்?

'கொழுப்புக் கட்டிதானே' என்று கையால் தடவிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மென்திசுப் புற்றுநோயும் அதே போல வலியில்லாமல் வளரும். ஒரு மாதத்துக்கு மேல் இருந்தாலோ, பட்டாணியைவிடப் பெரிதானாலோ ஊசிப் பரிசோதனை செய்யுங்க. இந்த வகைக் கட்டிகளில் பல வேறு உறுப்புகளுக்கு எளிதில் பரவுவதில்லை. சுற்றியுள்ள நல்ல திசுவையும் சேர்த்து முதல் அறுவை சிகிச்சையிலேயே முழுசாக எடுத்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம். எடுத்த கட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்க.

உடனே செய்ய வேண்டியவை

• உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க. வெளிர் நிறமாக இருந்தால் அவசரம். ஈறு கறுப்பாக உள்ள நாய்க்கு கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்க.
• நடக்க விடாமல் பலகையிலோ, போர்வையிலோ தூக்கிச் செல்லுங்க.
• பாராசிட்டமால், ஆஸ்பிரின் போன்ற மனிதர்களுக்கான மாத்திரை கொடுக்கவே கூடாது.
• விழுந்த நேரம், எழுந்த நேரத்தைக் குறித்து வையுங்க. முடிந்தால் வீடியோ எடுங்க.

உண்ணிக் காய்ச்சல், பாம்புக்கடி, எலி மருந்து ஆகியவற்றாலும் நாய் வெளுத்து, சோர்ந்து விழலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எனவே, புற்றுநோய்தான் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

எங்கே போவது?

முதலில் பக்கத்தில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்க. மேல் சிகிச்சைக்கு சேலம் மாவட்டம் தலைவாசல், நாமக்கல், சென்னை வேப்பேரி ஆகிய இடங்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எக்கோ வசதி அன்று கிடைக்குமா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்பினால் வீண் அலைச்சல் மிச்சம்.

கட்டி உறுதியானால் டாக்டரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்க: எவ்வளவு நாள் கிடைக்கும்? எவ்வளவு செலவாகும்? அந்த நாட்களில் நாய் வலியில்லாமல் இருக்குமா? மூன்றாவது கேள்விக்கான பதில்தான் சிகிச்சையைத் தொடர்வதா, வலியைக் குறைத்து வீட்டில் பார்த்துக்கொள்வதா என்று முடிவெடுக்க அதிகம் உதவும்.