சஃபகேட், சோக், ஸ்மதர்... மூச்சை நிறுத்தும் சொற்களும் போத்தனூர் ரயில் பெட்டியும்

சஃபகேட் என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு "மூச்சுத் திணறுதல்" என்று ஒரே வரியில் பொருள் எழுதி மனப்பாடம் செய்துவிடுவது மாணவர்களின் வழக்கம். ஆனால் மூச்சு நிற்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் அரை டஜன் சொற்களுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. எந்த இடத்தில் எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து, குற்றவாளி யார் என்பதே மாறிவிடும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் சொற்கள்:

சஃபகேட் - லத்தீன் சொல். "கீழ்" என்பதும் "தொண்டை" என்பதும் சேர்ந்து உருவானது. காற்று கிடைக்காமல் போவது, காற்று கிடைக்காமல் செய்வது, இரண்டுக்கும் இதே சொல்தான். (இதை நினைவில் வைத்துக்கொள்ளவும், பின்னால் தேவைப்படும்.)

சோக் - தொண்டைக்குள் ஏதாவது அடைத்துக்கொள்வது. சாப்பிடும்போது புரையேறுவதும் இதில் சேரும். பழைய ஸ்கூட்டரில் காற்றைக் குறைத்து ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக், டியூப் லைட்டில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சோக், எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

ஸ்ட்ராங்கிள் - கயிறு என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. கழுத்தை நெரிப்பது.

த்ராட்டில் - தொண்டையைப் பிடித்து அழுத்துவது. பைக்கில் முறுக்குகிறோமே, அந்த த்ராட்டிலும் இதுவே.

ஸ்மதர் - வாயையும் மூக்கையும் மூடிவிடுவது. புகை என்ற பொருளில் இருந்து வந்தது.

ஸ்டைஃபிள் - அடக்குவது. கொட்டாவியையும் அடக்கலாம், எதிர்க்கட்சியையும் அடக்கலாம்.

அஸ்ஃபிக்ஸியா - டாக்டர்கள் பயன்படுத்தும் சொல். இதில் வேடிக்கை என்னவென்றால், கிரேக்கத்தில் இதன் நேர்ப்பொருள் "நாடித்துடிப்பு இல்லாமை". மூச்சுக்கும் இதற்கும் முதலில் சம்பந்தமே இல்லை.

தமிழும் சளைத்ததல்ல. மூச்சு முட்டுவது வேறு, திணறுவது வேறு, புரையேறுவது வேறு, குரல்வளையை நெரிப்பது வேறு. 1878-ல் லிட்டன் பிரபு இந்திய மொழிப் பத்திரிகைகளை அடக்கக் கொண்டுவந்த சட்டத்தை நம்மவர்கள் "வாய்ப்பூட்டுச் சட்டம்" என்றார்கள். மூச்சுக்கும் பேச்சுக்கும் ஒரே வழிதானே!

ஒரு மனிதனின் பெயரே வினைச்சொல்லானது

1828-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் வில்லியம் பர்க், வில்லியம் ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று, உடல்களை மருத்துவப் பாடத்துக்கு விற்றார்கள். உடலில் காயம் தெரிந்தால் சந்தேகம் வரும். ஆகவே மூக்கையும் வாயையும் பொத்திக் கொன்றார்கள். 1829 ஜனவரியில் பர்க் தூக்கிலிடப்பட்டான். அதன் பிறகு "பர்க்" என்பதே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் ஆகிவிட்டது. முதலில் தடயம் இல்லாமல் மூச்சடைத்துக் கொல்வது என்ற பொருள். பிறகு, ஒரு விஷயத்தைப் பேச விடாமல் அமுக்கிவிடுவது என்ற பொருளும் வந்தது.

கல்கத்தாவின் கருங்குழி

1756 ஜூன் 20. வங்காள நவாப் சிராஜ் உத்தௌலாவின் படை கல்கத்தா கோட்டையைப் பிடித்தது. பிடிபட்ட ஆங்கிலேயர்களைக் காவலர்கள் சுமார் 18 அடி நீளமுள்ள ஒரு சிறிய அறையில் இரவு முழுவதும் அடைத்தார்கள். 146 பேர் உள்ளே போய் 23 பேர்தான் உயிரோடு வந்தார்கள் என்று, உயிர் தப்பிய ஹால்வெல் எழுதினார். பிற்கால ஆய்வாளர்கள் இந்த எண்ணிக்கையை நம்பவில்லை. 1959-ல் பிரிஜேன் குப்தா உள்ளே இருந்தவர்கள் 64 பேர்தான் என்று கணக்கிட்டார். இத்தனை பேரைக் கொல்லும்படி நவாப் ஆணையிட்டார் என்று ஹால்வெல்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் ஆங்கிலேயர் எழுதிய பாடப்புத்தகங்களில் இது நவாபின் கொடூரம் என்றே பல தலைமுறைகள் படித்தன. நினைவுத்தூணும் எழுந்தது. 1940-ல் சுபாஷ் சந்திரபோஸ் போராட்டம் அறிவித்த பிறகுதான் அந்தத் தூண் பொது இடத்தில் இருந்து அகற்றப்பட்டு மாதா கோயில் வளாகத்துக்குப் போனது.

போத்தனூர், 1921

இனி தமிழ்நாட்டுக்கு வருவோம். பெண்ணாடம் ஸ்டேஷனில் சிறிது நேரம் நின்றால் மூடிய சரக்குப் பெட்டிகள் கடந்து போவதைப் பார்க்கலாம். இரும்புச் சுவர், இரும்புக் கதவு. இப்படி மூடிய ஒரு பெட்டியில்தான் 1921 நவம்பரில் மனிதர்களை ஏற்றினார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் மலபாரில் மாப்பிளாக் கிளர்ச்சி வெடித்தது. சிறைகள் நிரம்பின. பெல்லாரி சிறைக்கு அனுப்புவதற்காக, திரூர் நிலையத்தில் சுமார் 100 கைதிகளை ஒரே பெட்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். பெட்டியின் காற்றுத் துளைகளில் இருந்த கம்பி வலை பெயின்டாலும் தூசியாலும் அடைபட்டிருந்தது. ரயில் ஷொர்ணூரில் நின்றது, ஒலவக்கோட்டில் நின்றது. எங்கும் கதவு திறக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் கத்தினார்கள், சுவரில் அடித்தார்கள். சிறு ஓட்டையில் மூக்கை வைத்து மூச்சு விட்டதாகத் தப்பியவர்கள் பின்னால் சொன்னார்கள். நள்ளிரவில், கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் கதவைத் திறந்தபோது உள்ளே பிணங்கள் குவிந்து கிடந்தன. ஆஸ்பத்திரியில் இறந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 70 பேர்.

நாப் என்ற அதிகாரி தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். காவலுக்குப் போன சார்ஜென்ட் மீது வழக்கும் போட்டார்கள், ஆனால் தண்டனை கிடைக்கவில்லை. இதற்கு முன்பும் இதே மாதிரிப் பெட்டிகளில் பலமுறை கைதிகளை அனுப்பியிருந்தார்கள் என்பதும் தெரியவந்தது. வரலாற்றில் இதற்கு நிலைத்த பெயர் "வாகன் டிராஜடி". டிராஜடி என்றால் துயரம். கல்கத்தாவில் நடந்தால் கொடூரம், போத்தனூரில் நடந்தால் துயரம்!

நினைவுச் சின்னங்களின் கதையும் அப்படித்தான். திரூரில் இந்தப் பெயரில் ஒரு டவுன் ஹால் இருக்கிறது. ஆனால் 2018-ல் திரூர் ரயில் நிலையச் சுவரில் இந்தச் சம்பவத்தை ஓவியமாக வரைந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. ரயில்வே அதை அழித்துவிட்டது.

தன்வினையா, பிறவினையா?

பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்போம். "திணறினான்" தன்வினை. "திணறடித்தான்" பிறவினை. ஆங்கிலத்தில் சஃபகேட் என்ற ஒரே சொல் இரண்டு வேலையும் செய்யும். கைதிகள் சஃபகேட் ஆனார்கள் என்று எழுதினால் கதவைச் சாத்தியவர் வாக்கியத்தில் இல்லாமல் போய்விடுவார். தமிழில் இரண்டுக்கும் தனித்தனி வடிவம் இருக்கிறது. அப்படியிருந்தும் நாம் "மூச்சுத் திணறி இறந்தனர்" என்றே எழுதுகிறோம்.

இது பழைய கதை மட்டுமல்ல. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய தொழிலாளர்கள் இறக்கும்போதெல்லாம் "விஷவாயு தாக்கி பலி" என்று செய்தி வருகிறது. வாக்கியத்தின்படி கொன்றது வாயு. பாதுகாப்புக் கருவி எதுவும் கொடுக்காமல் மனிதனை உள்ளே இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இறக்கியவர் யார் என்பது தலைப்புச் செய்தியில் வருவதே இல்லை.

சஃபகேட் என்ற சொல்லுக்குப் பொருள் படிக்கும்போது இரண்டு பொருளையும் சேர்த்தே படிக்க வேண்டும். மூச்சு நின்றது என்று யாராவது எழுதினால், கதவு எந்தப் பக்கம் பூட்டியிருந்தது என்று கேட்க வேண்டும். போத்தனூர் பெட்டியில் அது வெளிப்பக்கம் பூட்டியிருந்தது.