ஆட்டிசமும் சமூகப் பதற்றமும்: பிரித்தறிதல்

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் ஆட்டிசத்துக்கும் சமூகப் பதற்றத்துக்கும் தனித்தனி இடம் கிடைத்தது ஒரே பதிப்பில்தான்: 1980இல் வந்த மூன்றாம் பதிப்பு. ஏட்டில் சுலபமாகப் பிரிந்துவிட்ட இரண்டும் மருத்துவர் முன்னால் அப்படிப் பிரிவதில்லை. முகம் பார்த்துப் பேசாமை, ஒற்றைச் சொல்லில் பதில், பிறந்தநாள் விழாவில் சுவரோரம் ஒதுங்கி நிற்பது எல்லாம் இரண்டிலும் உண்டு.

ஆகவே முதலில் பிள்ளையின் மழலைக் காலம் விசாரிக்கப்படுகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, வானத்தில் போகும் விமானத்தை அம்மாவுக்கு விரல் நீட்டிக் காட்டாதது போன்ற ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெரும்பாலும் இரண்டு வயதுக்குள்ளேயே தென்படும். சமூகப் பதற்றம் பொதுவாக 8 முதல் 15 வயதுக்குள் தலைகாட்டுகிறது.

வீட்டில் எப்படி என்பது அடுத்த கேள்வி. பதற்றமுள்ள சிறுமி அக்காவிடம் வாய் ஓயாமல் பேசுவாள், கேலிக்குப் பதில் கேலி செய்வாள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். மற்றவர்கள் தன்னை என்ன நினைப்பார்கள் என்று தேவைக்கு மேல் கணக்குப் போடுவதே அவள் சிக்கல். ஆட்டிசத்தில் உரையாடலைத் தொடர்வதிலுள்ள சிரமம் நெருங்கியவர்களிடமும் தெரியும். மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துவது, தினமும் ஒரே வழியில்தான் பள்ளிக்குப் போவேன் என்ற பிடிவாதம், ரயில் அட்டவணையிலேயே மூழ்கிக் கிடப்பது என வேறு சிலவும் சேர்ந்து வரும். பதற்றத்தை மட்டும் வைத்து இவற்றை விளக்க முடியாது. புலனுணர்வு வேறுபாடுகளை 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஆட்டிசத்துக்கான அளவுகோலிலேயே சேர்த்துக்கொண்டது.

இரண்டில் ஒன்று என்று முடிவுகட்டுவதிலும் ஆபத்து உண்டு. 31 ஆய்வுகளைத் தொகுத்த 2011ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில், ஆட்டிசமுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு பதற்றக் கோளாறும், சுமார் 17 விழுக்காட்டினருக்குச் சமூகப் பதற்றமும் இருந்தன. கேலிக்கும் ஒதுக்கலுக்கும் ஆளான பிள்ளைக்குக் கூட்டத்தைக் கண்டு அச்சம் வருவதில் வியப்பென்ன? தோழிகளின் சிரிப்பையும் சைகையையும் பார்த்துப் பழகி ஒப்பேற்றும் பெண்பிள்ளைகளிடம் பதற்றம் மட்டும் கண்ணில் பட்டு, ஆட்டிசம் பல ஆண்டுகள் தப்பிவிடுகிறது.

அஞ்சும் சூழலைப் படிப்படியாகச் சந்திக்கவைக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை சமூகப் பதற்றத்துக்கு நல்ல பலன் தருகிறது. இரண்டும் உள்ள பிள்ளைக்குப் படங்கள், எழுத்துக் குறிப்புகள், பெற்றோரின் கூடுதல் பங்கு ஆகியவற்றோடு அதை மாற்றி அமைக்கிறார்கள். கண்ணைப் பார்த்துப் பேசவைப்பதை அங்கே இலக்காக்குவது வீண் தொந்தரவு.