பெயர்ப்பலகையில் யாருக்கு இடம்?

பதுளை பொது நூலகத்துக்குப் போகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வளவில் நிற்கும் கல்தூணைக் கவனித்திருப்பார்கள்? சொரபொர வாவிப் பக்கமிருந்து கொண்டுவந்து நிறுத்திய தூண் அது. 10ஆம் நூற்றாண்டு, உதய மன்னன் காலத்தது. அரசன் மஹியங்கனைக்கு வந்தபோது ஹோபிட்டிகம சந்தை வியாபாரிகள் அவனிடம் முறையிட்டார்கள்: அதிகாரியின் ஆட்கள் முறையில்லாத வரியெல்லாம் பறிக்கிறார்கள் என்று. தீர்ப்பைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். சந்தையில் விற்காமல் கடந்து போகிற சாமானுக்கு வரி எடுக்கக்கூடாது. அங்கீகாரம் இல்லாத அளவைகளைப் பாவிக்கக்கூடாது. எங்களைக் கேட்டால் ஊவாவின் பழைய கடைத்தெருப் பலகை இதுதான்.

இன்னொரு கல் 1911இல் காலியில் கிடைத்தது, மதகுக்கு மூடியாகக் கிடந்தது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல், 1409 என்று திகதியிட்டது. (அவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்.) சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. துறைமுகத்துக்கு யார் யார் வருவார்களோ அவர்கள் வாசிக்கட்டும் என்று மூன்று மொழியில் வெட்டினார்கள். இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது.

அப்படி எழுதிய நாட்டில்தான் பிறகு எழுத்துக்குத் தார் பூசினார்கள். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1958 தொடக்கத்தில் சிங்கள 'ஸ்ரீ' பொறித்த இலக்கத் தகடுகளோடு பஸ்கள் வடக்குக்குப் போக, அங்கே அந்த எழுத்தைத் தாரால் அழித்தார்கள். தெற்கில் தமிழ்க் கடைப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். மலையகத்துக்கும் அது பரவி, பொகவந்தலாவையில் பொலிஸார் சுட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். மே மாதம் கலவரம். இவ்வளவும் ஓர் எழுத்தில் தொடங்கியது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

தோட்டத்து மக்களுக்கு அப்போது பிரஜாவுரிமையே இல்லை, 1948இலேயே பறித்துவிட்டார்கள். பலகையில் தங்கள் மொழி எங்கே என்று யாரிடம் கேட்பார்கள்? 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1999இல் பதுளை, ஹாலி-எல, பண்டாரவளை, அப்புத்தளை உட்பட நம் மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனமாயின. ஆகவே இந்தப் பிரிவுகளில் அரச அலுவலகம் ஒன்றில் தமிழ் இல்லையென்றால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அதற்குத்தான்.

ஆனால் அது அரச நிறுவனங்களுக்கு. தனியார் கடைக்காரரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. தமிழ்நாட்டில் கடைப் பலகைகளில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டுமென்று விதி உண்டு. இங்கே அது முதலாளியின் விருப்பம்.

அந்த விருப்பத்தை 2019 மாற்றிவிட்டது. ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பெயர்ப்பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மட்டும் இருக்கட்டும் என்று உள்ளூராட்சி மன்றங்களுக்கு அறிவுறுத்தல் போனது. அரபுப் பலகைகள் இறங்கின. தமிழை எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இருந்தும் புதிய பலகை அடித்தபோது தமிழையும் சேர்த்தே விட்டுவிட்ட நம்மவர் கடைகள் உண்டு. பயம்தான், அதை நாங்கள் விளங்கிக்கொள்கிறோம். கடைகளைப் புறக்கணிக்கச் சொன்ன அந்த நாட்களை யார் மறப்பார்? ஆனால் வீட்டில் தமிழ் பேசி, கல்லாவில் தமிழில் கணக்குச் சொல்லி, பலகையில் மட்டும் அதை ஒளிப்பது யாரை ஏமாற்ற?

சம்பள நாளில் மடுல்சீமையிலிருந்தும் நமுனுகுலையிலிருந்தும் பஸ் ஏறி வருகிற அம்மாவை நினைத்துப் பாருங்கள். மருந்துக்கடை எது, அடகுக்கடை எது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு நடக்கிறார். அவருடைய காசில்தான் நம் பஸார் வீதியில் பாதி வியாபாரம் ஓடுகிறது.

பலகை மாற்றப் போகிறவர்கள் முதலில் அளவையும் இடத்தையும் சபையில் கேட்டு அனுமதி எடுங்கள். தமிழ் வரியைப் பெயின்ட் அடிப்பவரின் ஊகத்துக்கு விடாதீர்கள். 'மருந்தகம்' 'மருந்தகாம்' ஆகித் தொங்கினால் அதுவும் அவமானம். எழுதி எங்களுக்கு அனுப்புங்கள், எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறோம். காசு வேண்டாம்.