ஆறு மணிக்கு மூடும் கதவு

கவுன்சிலிங்குக்குப் போகும் முன் பெரிய மாமா சொன்னார்: "சிவில்னா வெயில்ல நிக்கணும், மெக்கானிக்கல்னா ஒர்க்‌ஷாப். கம்ப்யூட்டர்னா ஏசி ரூம்ல உக்காந்து பாக்குற வேலை. பொம்பளப் புள்ளைக்கு அதுதான் சரி." 1990களின் இறுதியில் நான் கணினிப் பொறியியல் மாணவியானது இப்படித்தான். என் கணக்கு மதிப்பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை.

எங்களுக்கு முன் வந்தவர்கள் பட்ட பாடு வேறு. 1940இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் சேர்ந்த அ. லலிதா, பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர். ஒரு குழந்தையின் தாய். அவருடைய தந்தை அதே கல்லூரியில் பேராசிரியர். அவர் எடுத்துச் சொல்லித்தான் இடம் கிடைத்தது. அடுத்து லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சிவில் படிக்க வந்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்தான் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லை எழுதிக் கொடுத்தார்கள்.

1984இல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு அனுமதி தந்தது. நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் பலர் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தோம். அதே 1984இல் அமெரிக்காவில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டம் பெற்றவர்களில் சுமார் 37 சதவீதம் பெண்கள். அதன்பின் அந்த விகிதம் சரியத் தொடங்கியது. ஒரு காரணம், வீட்டுக் கணினி பையன்களின் விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டது. அதில் கைபழகிய பையன்களை மனதில் வைத்தே கல்லூரியிலும் பாடம் நடந்தது.

எங்கள் வகுப்பில் யார் வீட்டிலும் கணினி இல்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஆய்வகத்துக்குள் போய்த்தான் எல்லோரும் முதன்முதலாகக் கீபோர்டைத் தொட்டோம். ஆனால் ஆய்வகம் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். பெண்கள் விடுதிக் கதவோ ஆறு மணிக்கு மூடிவிடும். தினமும் மூன்று மணி நேரம் பையன்களுக்கு மட்டும் கூடுதலாகக் கிடைத்தது. நாங்கள் விடுதித் தரையில் உட்கார்ந்து நோட்டில் நிரல் எழுதி, பென்சிலால் வரி வரியாக ஓட்டிப் பார்த்து, காலையில் ஓடிப்போய்த் தட்டச்சு செய்தோம். நான்கு வருடத்தில் அந்த மூன்று மணி நேரம் 'பையன்களுக்கு இயல்பிலேயே கம்ப்யூட்டர் வரும்' என்ற பேச்சாக மாறிவிட்டது. இறுதியாண்டு வைவாவில், நான் எழுதிய நிரலைப் பற்றிய கேள்வியைத் தேர்வாளர் என் குழுவிலிருந்த பையனைப் பார்த்தே கேட்டார்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995இல் கணினி அறிவியல் சேர்ந்தவர்களில் 7 சதவீதமே பெண்கள். முன் அனுபவத்தைச் சேர்க்கைக்கு அளவுகோலாக வைப்பதைக் கைவிட்டு, பாடத்தையும் சூழலையும் மாற்றினார்கள். 2000இல் அது 42 சதவீதம் ஆனது. ஐந்தே வருடத்தில் பெண்களின் மூளை மாறிவிடவில்லை.

லலிதாவின் சான்றிதழில் திருத்த வேண்டியிருந்தது ஒரு சொல். எங்களுக்கு இடம் கொடுத்தவர்கள் விடுதியின் நேர அட்டவணையைத் திருத்தவில்லை. படிக்க அனுப்பினோமே என்று இன்றும் பெருமை பேசும் மாமாவிடம் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான்: ஆறு மணிக்கு மேல் எங்களை எங்கே உட்காரச் சொன்னீர்கள்?