அந்த நாள்: முரண்பாடும் பிழையும்

1954 ஏப்ரல் 13-இல் வெளியான 'அந்த நாள்', வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்த துப்பறியும் படம். பாடலே கிடையாது. வானொலிப் பொறியாளர் ராஜன் (சிவாஜி கணேசன்) சுடப்பட்டு இறந்த காட்சி, சாட்சிக்குச் சாட்சி மாறுகிறது. இதைத் தொடர்ச்சிப் பிழை என்பது சரியன்று. ஒவ்வொரு சாட்சியும் தாம் சந்தேகிக்கும் ஆள் சுட்டதாகச் சொல்ல, படம் அந்தச் சந்தேகத்தையே காட்டுகிறது. அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) காட்டிய வழி இது. ஆனால் அதில் உண்மை கடைசிவரை உறுதிப்படுவதில்லை, இதில் சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம் (ஜாவர் சீதாராமன்) உண்மையைக் கண்டுபிடித்துவிடுகிறார். ஆகவே அப்படியே தழுவல் என்பது மிகை.

கதையின் பின்னணி 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பானியர் வீசிய குண்டு. இதை எம்டன் தாக்குதலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எம்டன் ஜெர்மானியக் கப்பல். சென்னையைத் தாக்கியது 1914 செப்டம்பர் 22-இல். அப்போது இந்நகரில் வானொலி ஒலிபரப்பே இல்லை. ராஜனுக்கு வேலையும் இருந்திருக்காது!