கோடும் வட்டமும் ஓரினம்: தலைகீழ் உருமாற்றம் கடந்துவந்த பாதை

கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பாப்பஸ், தம் ‘தொகுப்பு’ நூலின் ஏழாம் பகுதியில் பழைய நூல் ஒன்றின் உள்ளடக்கத்தைச் சுருக்கித் தருகிறார். பெர்கா நகரத்து அப்பொலோனியஸ் எழுதிய ‘தள இயங்குவரைகள்’ என்னும் அந்த நூல் இன்று இல்லை. சுருக்கம் மட்டுமே எஞ்சியது. அதிலுள்ள நீண்ட கூற்று ஒன்றிலிருந்து நமக்கு வேண்டிய இழையை மட்டும் பிரித்தால் கிடைப்பது இது: ஒரு நிலைப்புள்ளியிலிருந்து ஒரே திசையில் இரு கோட்டுத்துண்டுகள் செல்கின்றன, அவற்றின் நீளங்களின் பெருக்கம் மாறுவதில்லை. ஒன்றின் முனை நேர்க்கோட்டிலோ வட்டத்திலோ நகர்ந்தால், மற்றதன் முனையும் நேர்க்கோட்டிலோ வட்டத்திலோதான் நகரும். சில வேளை அதே வகையில், சில வேளை மாற்று வகையில்.

தலைகீழ் உருமாற்றத்தின் அடிப்படைத் தேற்றம் இதுவே. கிரேக்கர்கள் கோட்டையும் வட்டத்தையும் சேர்த்தே ‘தள’ வகை என்றனர். கூம்பு வெட்டுகளுக்கு வேறு பெயர் வைத்தனர். ஆக, இவ்விரண்டும் ஓரினம் என்ற எண்ணம் பெயரிடலிலேயே இருந்தது. அப்படியானால் 19ஆம் நூற்றாண்டு புதிதாகக் கண்டது என்ன? உண்மையை அன்று, அந்த உண்மையை விளைவிக்கும் செயலைத்தான் என்பது என் வாதம். அப்பொலோனியஸுக்கு அது இயங்குவரைகளைப் பற்றிய ஒரு செய்தி. ஜெர்மன் கணிதர் மோபியஸுக்கோ தளம் முழுவதையும் ஒரே வீச்சில் இடம்மாற்றும் உருமாற்றம் தனியாக ஆராயத்தக்க பொருளாகிவிட்டது.

தேற்றத்தின் உயிர்நாடி எளியது. நிலைப்புள்ளியை மையம் என்போம். அதிலிருந்து 2 அலகு தொலைவில் ஒரு நேர்க்கோடு. பெருக்கம் 1 என்று கொள்வோம். கோட்டில் மையத்துக்கு மிக அருகிலுள்ள புள்ளி, செங்குத்தின் அடி, ½ தொலைவுக்கு வருகிறது. கோட்டின் வேறொரு புள்ளியையும் அதன் பிம்பத்தையும் எடுத்தால், பெருக்கங்கள் சமம் என்பதால் இரு முக்கோணங்கள் வடிவொத்தவை ஆகின்றன. செங்குத்தடியில் இருந்த செங்கோணம் பிம்பத்தின் இடத்துக்குப் போகிறது. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பது பள்ளியில் படித்ததுதானே! எனவே பிம்பங்கள் அனைத்தும் ½ விட்டமுள்ள, மையம் வழிச்செல்லும் வட்டத்தில் அமர்கின்றன.

கோட்டுக்கும் வட்டத்துக்குமான இதே உறவு வானியலிலும் வாழ்ந்தது. கோளத்தின் ஒரு முனையிலிருந்து பார்த்து அதன் வட்டங்களைத் தட்டையான தளத்தில் வீழ்த்தும் முறையைத் தாலமி விவரித்தார். அவை வட்டங்களாகவே விழும் என்பதற்கு 9ஆம் நூற்றாண்டில் அல்-ஃபர்கானி நிறுவல் தந்தார். அந்த முறையில் எழுந்த வானியல் கருவியைப் பற்றி 1370இல் மகேந்திர சூரி சமஸ்கிருதத்தில் ‘யந்திரராஜம்’ எழுதினார். பார்வை முனை வழியே செல்லும் வட்டம் மட்டும் தளத்தில் நேர்க்கோடாக விழும். கருவி செய்த கைகளுக்கு இது அன்றாடப் பழக்கம்.

பிறகு 19ஆம் நூற்றாண்டில், ஒரு தலைமுறைக்குள் பலர் கைக்குத் தலைகீழ் உருமாற்றம் எட்டியது. ஸ்டைனரின் 1820களின் கையெழுத்துப் படிகளில் இருக்கிறது. பிளூக்கர், மாக்னுஸ், இத்தாலியில் 1836இல் பெல்லாவிடிஸ், டப்ளினில் ஸ்டப்ஸும் இங்கிரமும் என வரிசை நீளும். முதல்வர் யார் என்று தேடுவதில் எனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை. எதற்காகத் தேவைப்பட்டது என்பதே பெரிய கேள்வி.

தேவையை மிகத் தெளிவாகக் காட்டியவர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. 1845இல், 21 வயதில், பிரெஞ்சுக் கணிதர் லியூவிலுக்கு அவர் எழுதிய கடிதத்தில் மின்னியல் புதிர் ஒன்று இருந்தது. புவியிணைப்புள்ள கடத்திக் கோளத்தின் அருகே ஒரு மின்னூட்டம் இருந்தால், கோளத்தின் முழு விளைவையும் உள்ளே ஒரே புள்ளியில் வைத்த கற்பனை மின்னூட்டம் ஈடுசெய்துவிடும். அந்தப் புள்ளியின் தொலைவை வெளி மின்னூட்டத்தின் தொலைவால் பெருக்கினால் ஆரத்தின் வர்க்கம் வரும். அப்பொலோனியஸின் பெருக்கம் மின்புலத்தில் மீண்டும் தோன்றியது! லியூவில் இதற்குத் தலைகீழ் ஆரங்களின் உருமாற்றம் என்று பெயரிட்டார். முப்பரிமாண வெளியில் கோணம் காக்கும் உருமாற்றங்கள் இதனையும், நகர்த்தல், சுழற்றல், பிரதிபலித்தல், அளவு மாற்றலையும் கோத்து உருவாகுபவை மட்டுமே என்று 1850இல் காட்டினார்.

லைப்சிக் வானாய்வகத்திலிருந்த மோபியஸ் 1855இல் வெளியிட்ட ஆய்வில், வட்டத்தை வட்டமாக்கும் எல்லா உறவுகளையும் ‘வட்ட உறவு’ என்று ஒரே கோட்பாட்டில் அடக்கினார். கவனிக்க வேண்டியது, அதன் தலைப்பிலேயே ‘தூய வடிவியல் முறையில்’ என்று அவர் எழுதியது. கலப்பெண்கள் வழியே கோட்டின் உண்மைகளைத் தளத்துக்குக் கொண்டுசெல்லும் வழியை 1852இல் அவரே காட்டியிருந்தார். முதன்மை ஆய்விலோ அதை விலக்கி வைத்தார். இன்று அவர் பெயரால் வழங்குவது கலப்பெண் வாய்பாடு.

அந்த வாய்பாட்டின் அழகைச் சொல்லாமல் போக மனமில்லை. கலப்பெண் தளத்தில் கோடு, வட்டம் இரண்டுக்கும் ஒரே சமன்பாடு போதும். மட்டு மதிப்பின் வர்க்கத்துக்கு ஒரு கெழு, ஒரு மாறிலி, நடுவில் எண்ணும் அதன் இணையெண்ணும். முதல் கெழு சுழியானால் கோடு. மாறிலி சுழியானால் ஆதி வழிச்செல்லும் வடிவம். அந்த வாய்பாட்டின் எளிய வகையாக, எண்ணுக்குப் பதில் அதன் தலைகீழியை இட்டால் கெழுவும் மாறிலியும் இடம் மாறிக்கொள்கின்றன. அப்பொலோனியஸின் ‘சில வேளை அதே வகை, சில வேளை மாற்று வகை’ என்பதன் முழுக் காரணம் அந்த இடமாற்றம். தலைகீழி எடுப்பதில் ஒரு பிரதிபலிப்பும் கலந்திருப்பதால் கோணங்களின் சுழல்திசையும் காக்கப்படுகிறது. முடிவிலியை ஒரே புள்ளியாகச் சேர்த்தால் தளம் கோளமாகிறது. கார்ல் நோய்மனின் 1865ஆம் ஆண்டு நூல் அந்தக் கோளத்தைப் பரப்பியது. தாலமியின் கோளம் கலப்பெண்களைச் சுமந்து திரும்பி வந்தது.

இதற்கிடையே 1864இல் பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் பொசெல்லியே இதே தலைகீழ் உறவு அமையும்படி ஏழு தண்டுகளை இணைத்து வட்ட இயக்கத்தைத் துல்லியமான நேர்க்கோட்டு இயக்கமாக மாற்றினார். நீராவிப் பொறியாளர் வாட் 1784இல் கண்ட இணைப்பு தோராயமான கோட்டையே தந்திருந்தது.

நமக்கு நெருங்கிய ஓரிடத்திலும் இந்த இழை ஓடுகிறது. ஓர் எண்ணை எத்தனை வழிகளில் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதற்கு ஹார்டியும் ராமானுஜனும் 1918இல் தோராய வாய்பாடு தந்தனர். 200க்கு 3,972,999,029,388 வழிகள். ஹான்ஸ் ராடமாக்கர் 1937இல் அதைத் துல்லியமான தொடராக்கினார். 1943இல் அதற்குப் புதிய வழி கண்டார். ஒவ்வொரு பின்னத்தின்மேலும், பகுதியின் வர்க்கத்தின் தலைகீழியை விட்டமாகக் கொண்டு, எண்கோட்டைத் தொட்டு நிற்கும் ஃபோர்டு வட்டங்கள் உண்டு. அவை ஒன்றையொன்று தொடலாம், வெட்டுவதில்லை. அந்த வட்டங்களின் விற்கள் வழியே தொகையிட்ட ராடமாக்கர், எல்லாவற்றையும் 1 விட்டமுள்ள ஒரே வட்டத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு தலைகீழி எடுத்தார். வட்டம் 1 என்ற புள்ளி வழியே நிற்கும் செங்குத்துக் கோடானது. அந்தக் கோட்டின் வழியே இருந்த தொகையீடு, கணிதர்கள் முன்பே அறிந்திருந்த பெசல் சார்பாக அமைந்தது.